முனியாண்டி அய்யா கை அரிவாள்: லோரி ஸ்பிரிங்குக்குள் இருக்கும் வரலாறு



ஆடி வரப் போகுது. மலாக்கா டவுன்ல இருந்து தஞ்சோங் கிளிங் வரைக்கும், அதுக்கு அப்பால தோட்டத்துக் கோயில்கள் வரைக்கும், காவல் தெய்வம் நிற்கிற இடத்துல எல்லாம் இப்போ ஒரே வேலைதான். ஆயுதங்களை இறக்கி வச்சு, பழைய குங்குமம், சந்தனம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாத்தையும் துடைச்சு, மறுபடியும் சாத்துறது.

அந்த நேரத்துல தொண்டர்கள்கிட்ட வருஷா வருஷம் மூணு யோசனை வரும். "துரு ஏறிப்போச்சு, கிரைண்டர் போட்டுத் தேய்ச்சிடலாமா?" "குரோம் முலாம் போட்டுட்டா நிரந்தரமா பளபளன்னு இருக்குமே?" "பிடி ஆடுது, ஒரு வெல்டிங் வச்சிடலாமா?" கேட்கிறவங்க பக்தியோடதான் கேட்கிறாங்க, செலவையும் தாங்களே ஏத்துக்கிறாங்க. ஆனா இந்த மூணுல எதைச் செஞ்சாலும் அரிவாள் பார்க்க அழகா இருக்கும், உள்ளுக்குள்ள பலம் போயிடலாம். அந்த அரிவாள் மேல சாமியாடி ஏறி நிற்கிற கோயிலா இருந்தா, இது அழகு பத்தின பேச்சே இல்ல. ஒரு மனுஷனோட கால் பத்தின பேச்சு.

ஏன் அப்படின்னு புரியணும்னா, அந்த இரும்பு எங்கிருந்து வந்தது, அதை யார் எப்படிப் பதம் பண்ணினாங்கன்னு தெரியணும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

முதல்ல, இது எந்த இரும்பு?

தோட்டத்துக் கோயில்கள்ல இருக்கிற பழைய அரிவாள் பலதும் புது இரும்புல அடிச்சது இல்ல. லோரி, லேண்ட் ரோவர் மாதிரி வண்டிகளுக்கு அடியில, பட்டை பட்டையா அடுக்கி வில் மாதிரி வளைச்சு வச்சிருப்பாங்களே, அந்த ஸ்பிரிங் பட்டைதான். மலாய்க்காரப் பெரியவங்க பாராங் அடிக்கவும் அதையேதான் தேடுவாங்க, "பெசி ஸ்பிரிங்" என்பாங்க. தமிழ்நாட்டுல சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன ஊர். 2005-ல் விஜய் நடிச்ச "திருப்பாச்சி" படத்துல கதாநாயகன் அரிவாள் அடிக்கிறவரா வருவாரே, அந்த ஊர்தான். அங்கேயும் லோரி பட்டைதான் மூலப்பொருள்.

அடையாளம் பார்க்கலாம். ஸ்பிரிங் பட்டையோட நடுவுல ஒரு போல்ட் துளை இருக்கும். மேல் பட்டையோட ரெண்டு நுனியும் சுருண்டு வளையமா இருக்கும். சில பழைய அரிவாள்கள்ல பிடிக்குப் பக்கத்துல அந்தத் துளையோட பாதி வட்டம் இன்னும் தெரியும். பார்த்தா தழும்பு மாதிரி இருக்கும். அது அந்த இரும்பு எங்கிருந்து வந்ததுன்னு சொல்ற சாட்சி, தேய்ச்சு எடுத்துடாதீங்க.

இந்தப் பட்டைக்கு ஏன் இவ்வளவு மவுசு? சாதாரண வேலிக் கம்பி, கட்டடக் கம்பியில கரி, அதாவது கார்பன், ரொம்பக் குறைவு. அதை எவ்வளவு சுட்டுத் தண்ணியில போட்டாலும் வெட்டுற அளவுக்குக் கடினமாகாது. ஸ்பிரிங் எஃகுல கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருக்கும். அதோட மாங்கனீசும் குரோமியமும் தலா 1 சதவீதத்துக்கு உள்ளே சேர்ந்திருக்கும். அமெரிக்கக் கணக்குல இது 5160 ரகம். ஜப்பான் லோரிகள்ல வர்றது எஸ்.யு.பி. 9, ஏறக்குறைய அதுக்குச் சொந்தக்காரன். வேற சில ரகங்கள்ல குரோமியத்துக்குப் பதிலா சிலிக்கான் கூடுதலா இருக்கும். லட்சக்கணக்கான தடவை வளைஞ்சு நிமிர்ந்தாலும் உடையாத மாதிரி செஞ்ச எஃகு. அதனாலதான் ஓங்கி வெட்டுற அரிவாளுக்கும் அது பொருந்துது.

நம்ம ஊர் எஃகுக் கதை

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடணும். "நம்ம கோயில் அரிவாள் பழந்தமிழர் உருக்கு எஃகு"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்தும். அது வேற, இது வேற. ஆனா ரெண்டுக்கும் நடுவுல உண்மையான ஒரு தொடர்பு இருக்கு. அந்த உண்மையே பெருமைக்குப் போதும்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்று ஓர் ஊர். 1980-களில் இருந்து அங்கே நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. இரும்பையும் கரிப்பொருளையும் மண் குகைக்குள் வைத்து மூடி, நீண்ட நேரம் ஊதி உருக்கி எடுப்பதுதான் உருக்கு எஃகு. கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு. வெள்ளைக்காரர்கள் வாயில் அது "ஊட்ஸ்" ஆனது. தென்னாற்காட்டுப் பகுதியில் மேல்சிறுவளூரில் இருந்த இப்படிப்பட்ட ஒரு களத்தை சாரதா சீனிவாசன் ஆராய்ந்திருக்கிறார். அந்த எஃகில் கார்பன் 1 சதவீதத்துக்கும் மேலே, 1.5 வரையிலும் போகும். லோரி ஸ்பிரிங்கைப் போல இரண்டு பங்கு! அரபு நாட்டு வாள்களில் நீரோட்டம் போலத் தெரியும் கோலம் இந்த வகை எஃகினால் வந்ததுதான். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஓர் அறிக்கை, சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டு போனது. அறிஞர்கள் அதைப் பற்றி இன்னும் விவாதித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

1795-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். மின்சார ஆராய்ச்சிக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே, 1819 வாக்கில் இதன் இரகசியம் என்ன என்று ஆராய்ந்தார். அவருடைய அப்பா ஒரு கொல்லர் என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்து வர்றவர்தான் நம்ம கதைக்கு முக்கியமானவர். ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியில் சென்னை மாகாண உத்தியோகம் பார்த்தவர். சேலத்து இரும்புத் தாதுவை நம்பி 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தினார். இந்திய எஃகைப் பற்றி எழுதவும் செய்தார். அப்புறம் இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகுத் தொழிலே அதனால் மாறியது. இன்னைக்கு லோரி ஸ்பிரிங்குக்குள்ள மாங்கனீசு இருக்குன்னு மேல சொன்னேனே, அந்தப் பழக்கத்தோட வேர்கள்ல ஒன்னு சேலம், பரங்கிப்பேட்டை பக்கம் போகுது. தொடர்புன்னு சொன்னது இதைத்தான்.

ஸ்பிரிங் பட்டை முதல்ல குதிரை வண்டிக்கு வந்தது. 1804-ல் ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர், பட்டை ஸ்பிரிங்கின் மேல் வண்டியைத் தாங்க வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் வனேடியம் கலந்த எஃகைப் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். அப்படியே கார், பஸ், லோரி என்று உலகம் முழுக்கப் பரவி, பழசாகிக் கழிக்கிற பட்டைகள் கொல்லர் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன.

மலாக்காவில் கொல்லர் உலை

நம்ம மலாக்காவுக்கு இரும்பு வேலை புதுசு இல்ல. 1781-ல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் இருக்கிற தெரு ஜாலான் துக்காங் எமாஸ், பொற்கொல்லர் தெரு. அதைத் தொட்டுப் போறது ஜாலான் துக்காங் பெசி, அதாவது இரும்புக் கொல்லர் தெரு. தஞ்சோங் கிளிங்குக்கு வந்தா ஹங் துவா சமாதின்னு மக்கள் வணங்குற இடம் இருக்கு. அந்த வீரரோட பேரைச் சொன்னாலே கிரிஸ்தான் ஞாபகம் வரும். அதுவும் பல அடுக்கு இரும்பை ஒண்ணா அடிச்சு இணைச்சு, எலுமிச்சைச் சாறு போட்டுச் சுத்தம் செய்ற ஆயுதம். கலிங்கத்தில் இருந்து "கிளிங்" ஆன பேரைத் தாங்கி நிற்கிற இந்தக் கடற்கரையில, ரெண்டு சமூகத்துக்கும் ஆயுதம்னா வெறும் இரும்பு இல்ல.

1896-ல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் போட்ட முதல் தோட்டமாக அதைச் சொல்வார்கள். அதுக்கப்புறம் கங்காணிகள் கூட்டி வந்த நம்ம மக்களுக்கு விடியறதுக்கு முன்னாடியே கையில கத்திதான். பால் வெட்டுற கத்தி மழுங்கினா மரத்துல காயம் படும், பால் குறையும், மண்டோர் சத்தம் போடுவார். புல் வெட்ட, கிளை கழிக்க, பிறகு செம்பனை வந்ததும் குலை வெட்ட உளியும் நீளக் கம்பு அரிவாளும். தோட்டத்து வாழ்க்கையே எஃகு முனையிலதான் ஓடிச்சு.

ஆனா நல்ல எஃகு சுலபமா கையில கிடைக்கிற பொருள் இல்ல. 1905-ல் போட்ட தம்பின் - மலாக்கா ரயில் பாதையையே ஜப்பான்காரன் பிடுங்கி, சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போனான். தோட்டங்கள்ல இருந்து நம்ம தமிழர்களையும் அதே வேலைக்குத்தான் கொண்டு போனான். எத்தனையோ பேர் திரும்பி வரல. அப்படி ஒரு காலத்தைப் பார்த்த சமூகம் இரும்பை வீணாக்காது. உடைஞ்ச லோரி பட்டையை எடுத்து, ரயில் தண்டவாளத் துண்டை அடைகல்லா வச்சு, துருத்தி ஊதி அரிவாள் அடிக்கிற கை அது. வேலைக்கு ஒன்னு, அய்யாவுக்கு ஒன்னு.

ரெண்டு நெருப்பு

இப்போ பதிவோட மையத்துக்கு வர்றேன். அரிவாளுக்கு உருவம் கொடுக்கிறது சம்மட்டி. உயிர் கொடுக்கிறது அதுக்கு அப்புறம் வர்ற ரெண்டு நெருப்பு.

முதல் நெருப்பு, தோய்ச்சல். துவச்சல்னும் சொல்வாங்க. அடிச்சு முடிச்ச அரிவாளை மறுபடி உலையில வச்சு, 830 - 850 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஏத்தணும். அந்தச் சூட்டுலதான் எஃகுக்குள்ள அணுக்களோட அடுக்கு மாறி, கார்பன் முழுசா கரையும். கொல்லர்கிட்ட வெப்பமானி கிடையாது, கண்தான் அளவு. செர்ரிப்பழச் சிவப்பு வரணும். வெயில்ல அந்த நிறம் தெரியாது. அதனாலதான் பட்டறையை இருட்டா வச்சிருப்பாங்க, இல்லேன்னா அந்தி நேரத்துல தோய்ப்பாங்க. காந்தம் வச்சும் பார்க்கலாம். 770 டிகிரியைத் தாண்டினா இரும்பைக் காந்தம் இழுக்காது. காந்தம் விட்டதும் இன்னும் கொஞ்சம் ஏத்தி, உடனே குளிர வைக்கணும்.

சூடு அளவை மீறினா உள்ளே மணிகள் பெருத்துடும். உடைச்சுப் பார்த்தா சீனி மாதிரி மினுங்கும். அப்படிப்பட்ட அரிவாள் ஓங்கி அடிச்சா பட்டுன்னு போகும்.

குளிர வைக்கிறதுலயும் ஒரு மாற்றம் நடந்திருக்கு. கார்பன் மட்டும் உள்ள பழைய எஃகுக்குத் தண்ணிதான் சரி, சட்டுன்னு குளிரலைன்னா கடினமாகாது. ஆனா குரோமியமும் மாங்கனீசும் கலந்த ஸ்பிரிங் எஃகு நிதானமா குளிர்ந்தாலும் கடினமாகிடும். அதைத் தண்ணியில போட்டா, வெளிப்பக்கம் சுருங்கி உள்பக்கம் சுருங்காம, டிங்னு ஒரு சத்தம் கேட்கும். விரிசல் விழுந்துட்டதுன்னு அர்த்தம். அதனால லேசா சூடு பண்ணின எண்ணெய்தான் அதுக்கு ஏத்தது. எஃகு மாறினபோது கொல்லரோட கையும் மாறிச்சு. எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரல, உடைஞ்ச கத்திகள்தான் சொல்லித் தந்தது.

இன்னொரு நுட்பம். அரிவாள் முழுசையும் முக்க மாட்டாங்க. வாய்ப் பக்கம் மட்டும் எண்ணெய்ல இறங்கும், முதுகுப் பக்கம் மெதுவா ஆறும். வாய் கடினம், முதுகு இளக்கம். வெட்டுறதுக்கு வாய், அடியைத் தாங்குறதுக்கு முதுகு.

ரெண்டாவது நெருப்பு, பதம் இறக்குறது. தோய்ச்சல் முடிஞ்ச வாய் கண்ணாடி மாதிரி. அரம் போட்டா வழுக்கும். ஆனா கல்லுல விழுந்தா சில்லு பேர்ந்துடும். அதனால மறுபடி 200 டிகிரிக்கு மேல இளஞ்சூடு காட்டணும். தேய்ச்சு வெளுத்த இரும்புமேல அப்போ நிறம் ஓடும். முதல்ல வைக்கோல் மஞ்சள், சுமார் 220. அப்புறம் பழுப்பு, 260 கிட்ட. அப்புறம் ஊதா. 300 வந்தா நீலம். முதுகுல மிச்சம் இருக்கிற சூடு வாயை நோக்கி வரும்போது இந்த நிறங்கள் ஊர்ந்து வரும். வேண்டிய நிறம் வாயைத் தொட்ட உடனே மறுபடி முக்கி நிறுத்துவார் கொல்லர். இப்போ இளைஞர்கள் சில பேர் அடுப்புப் பெட்டியில 200 - 220 டிகிரியில ரெண்டு மணி நேரம், ரெண்டு தடவை வைக்கிறாங்க. பலன் அதேதான். லோரிக்கு அடியில இருந்தப்போ இதே பட்டைக்கு 400 டிகிரிக்கு மேல பதம் இறக்கியிருப்பாங்க, ஏன்னா அங்கே வளையணும், வெட்ட வேண்டாம். வெல்லப்பாகு கம்பிப் பதம், உருட்டுப் பதம்னு நம்ம அம்மாமார் பார்க்கிறாங்களே, அதே மாதிரிதான். பொருள் ஒன்னு, பதம் வேற.

இப்போ அந்த மூணு யோசனைக்கு வருவோம்

கிரைண்டர்: வாயில நீல நிறம் ஓடிச்சுன்னா அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுடுச்சு. கொல்லர் மஞ்சள்ல நிறுத்தின பதம் சில விநாடியில போச்சு. மறுபடி தோய்ச்சாதான் வரும். துருவை எடுக்கக் கையால, மெல்லிய உப்புத்தாள், எண்ணெய் விட்டுத் தேய்ச்சாப் போதும்.

வெல்டிங்: ஸ்பிரிங் எஃகுமேல வெல்டிங் வச்சா, பக்கத்துல ஒரு கீற்று உருகுற அளவுக்குச் சூடாகி, சுத்தி இருக்கிற குளிர்ந்த இரும்பாலயே சட்டுன்னு ஆறிடும். அதாவது தோய்ச்சல் மட்டும் நடந்து, பதம் இறக்காம விட்ட மாதிரி. அந்தக் கீற்றுதான் கண்ணாடியாகி உடையும். பிடி ஆடினா புது மரப்பிடி போட்டு ஆணி, பூண் வச்சு இறுக்குங்க.

குரோம் முலாம்: முலாமுக்கு முன்னாடி அமிலத்துல போடுவாங்க. அப்போ ஹைட்ரஜன் எஃகுக்குள்ள புகுந்துக்கும். நல்லா கடினமான எஃகு அதனால நொறுங்குற தன்மைக்குப் போயிடும், வெளியே ஒன்னும் தெரியாது. தொழிற்சாலையில இதுக்காகவே முலாம் போட்ட உடனே சுமார் 200 டிகிரியில பல மணி நேரம் சுட்டு எடுப்பாங்க. சாதாரணக் கடையில அதைக் கேட்டு உறுதிப்படுத்த வழி இல்ல.

பளபளப்புதான் மரியாதைன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய செய்தி. புறநானூற்றுல 95-ஆவது பாட்டு ஔவையார் பாடினது. தொண்டைமானோட ஆயுதங்கள் மாலை போட்டு, நெய் பூசி, அழகா இருந்ததையும், அதியமானோட ஆயுதங்கள் முனை உடைஞ்சு கொல்லர் பட்டறையில கிடந்ததையும் ஒப்பிட்டுச் சொல்வாங்க. எது பெருமைன்னு ஔவை சொல்லாமலே புரியும்.

சாமியாடி ஏறி நிற்கிற அரிவாளுக்கு மட்டும் தனியா ஒரு சொல். லோரியில பல வருஷம் உழைச்ச பட்டையில கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய விரிசல் இருக்கலாம். பழைய சோதனை ஒன்னு இருக்கு. நல்லா துடைச்சு, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமா துடைச்சிடுங்க. அப்புறம் வெள்ளைச் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவுங்க. விரிசல் இருந்தா உள்ளே போன எண்ணெய் ஊறி மேலே வந்து, வெள்ளையில கோடு தெரியும். கோடு வந்தா அந்த அரிவாளைப் பூசைக்கு மட்டும் வையுங்க. யாரும் அதுமேல ஏற வேண்டாம். கோடு வரலைன்னாலும் பிடி, முனை எல்லாம் ஒரு அனுபவஸ்தர் பார்த்த பிறகு ஏறட்டும்.

எலுமிச்சம்பழம் குத்துறது நம்ம வழக்கம், குத்துங்க. ஆனா அந்தச் சாறு அமிலம். நாள் கணக்குல விட்டா எஃகைக் குழி குழியா தின்னுடும். கடல் காத்து வீசுற நம்ம பக்கம் இன்னும் வேகமா தின்னும். பூசை முடிஞ்ச மறுநாளே எடுத்துட்டு, ஈரம் போகத் துடைச்சு, மெல்லிசா மெஷின் எண்ணெய் தடவுங்க. குங்குமத்தை இரும்புமேல அப்பாம, முடிஞ்சா பிடியில வைங்க.

ஆயுதத்தைக் கோயில் எல்லைக்கு வெளியே எடுத்துப் போறதா இருந்தா, 1958-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்குங்கறதை மறக்காதீங்க. ஊர்வலத்துக்கு முன்னாடியே ஆலய நிர்வாகம் போலீஸ்கிட்ட பேசிடணும். இளைஞர்கள் தனியா மோட்டார்ல எடுத்துட்டுப் போறது கூடவே கூடாது.

கடைசியா ஒரு வேண்டுகோள். தோட்டங்கள் துண்டாகி, வீட்டுமனையாகி, கோயில்கள் இடம் மாறிக்கிட்டே இருக்கு. கோயில் மாறினாலும் சிலை வந்துடும், சூலம் வந்துடும். அந்த அரிவாளை அடிச்ச கொல்லர் யாரு, எந்தத் தோட்டம், எந்த வண்டிப் பட்டை, யாரோட உபயம்ங்கிற விவரம் மட்டும் வராது. ஏன்னா அது பெரியவங்க ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு. இந்த ஆடியில ஆயுதம் இறக்கும்போது, ஒவ்வொரு அரிவாளையும் ரெண்டு பக்கமும் படம் எடுங்க. நீளம், எடை குறிச்சுக்கங்க. பக்கத்துல இருக்கிற தாத்தா பாட்டிகிட்ட கேட்டு, தெரிஞ்சதை ஒரு நோட்டுல எழுதி ஆலய அலமாரியில வைங்க. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு சாயங்காலம் போதும்.

இருட்டுப் பட்டறையில உட்கார்ந்து, சிவப்பையும் மஞ்சளையும் கண்ணாலயே அளந்து, அய்யாவுக்குன்னு ஒரு அரிவாள் அடிச்சுக் கொடுத்தவங்க பேர், அர்ச்சனையில சொல்ற பேர்களோட சேர வேண்டிய பேர்.

உங்க கோயில் நிர்வாகத்துக்கும் இளைஞர் அணிக்கும் இதைப் பகிருங்க. அய்யா துணை.